பகடைக்காயும் பன்னிரு சுரமும்: இசை வகுத்தவர் எங்கே?

இசைக்கு ஆசிரியன் ஒருவன் வேண்டுமா என்னும் வினா அண்மைக் காலமாக நம் ஐதராபாத்துத் தமிழர் கூடும் வட்டங்களிலும் எழுந்துள்ளது. எழுப்புவோர் கற்றவர், மேலைநாட்டு இசை வரலாற்றில் ஓரளவு பயிற்சியும் உடையவர். அவர் கூற்றின் சாரம் இது: மேலைநாட்டில் ஒருவர் நாணயத்தைச் சுண்டி விழுந்தபடி இசை எழுதினார், வேறொருவர் பன்னிரண்டு சுரங்களை வரிசைப்படுத்தி, அவ்வரிசையே இசையை ஈன்றுகொள்ளட்டும் என்று விட்டார், ஆகவே இசையாசிரியன் என்பான் ஒழிந்தான், நம் இசையிலோ அவன் என்றுமே இருந்ததில்லை, இராகம் உண்டு, பாடுவார் உண்டு, இடையில் நிற்கும் பாட்டு வெறும் கொழுகொம்பு.

கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். மேலைநாட்டார் அரும்பாடுபட்டு வந்துசேர்ந்த இடத்தில் நாம் முன்பே குடியிருக்கிறோம் என்று எவரேனும் சொன்னால் நமக்கு உள்ளம் குளிர்ந்துவிடுகிறது. ஆயினும் இக்கூற்று மேலைநாட்டைப் பற்றியும் பொய், நம்மைப் பற்றியும் பொய் என்பதே நம் கருத்து. பொய் என்பதோடு நில்லாமல், அது நம் தமிழிசைக்குத் தீங்கும் செய்துகொண்டிருக்கிறது. ஆதலின் எழுதுகின்றோம்.

முதலில் மேலைநாட்டாரைப் பார்ப்போம். வியன்னாவைச் சேர்ந்த ஆர்னால்டு ஷோன்பெர்க் 1921 முதல் 1923 வரையான ஆண்டுகளில் வகுத்துக்கொண்ட முறை இதுவே: ஒரு தாயியில் அடங்கும் பன்னிரண்டு சுரத்தானங்களையும், ஒன்றும் விடாமல், ஒன்றும் மீளாமல், ஒரு வரிசையில் நிறுத்துதல். அவ்வரிசையை நேராகப் பாடலாம், பின்னிருந்து முன்னாகப் பாடலாம், ஏறுமிடத்தில் இறங்கியும் இறங்குமிடத்தில் ஏறியும் தலைகீழாக்கலாம், அத்தலைகீழையும் பின்முன்னாக்கலாம். இந்நான்கினையும் பன்னிரண்டு இடங்களிலிருந்து தொடங்கினால் 48 வடிவங்கள். இவ்வளவும் கணக்கு, எந்தக் கணக்கரும் போட்டுத் தரலாம். ஆனால் பன்னிரண்டு சுரங்களை எத்தனை வகையாக வரிசைப்படுத்த இயலும்? 47,90,01,600 வகையாக. அந்த நாற்பத்தேழு கோடிக்கும் மேற்பட்டவற்றுள் இந்த ஒன்றுதான் வேண்டுமென்று எடுத்தவர் யார்? எடுத்த வரிசையை எந்தக் கருவிக்குக் கொடுப்பது, எங்கே விரைவது, எங்கே ஓய்வது என்று முடிவு செய்தவர் யார்? வரிசை தானே எழுந்துவந்து ஷோன்பெர்க்கின் கதவைத் தட்டவில்லை.

அவர்க்குப் பின் வந்த பிரெஞ்சு நாட்டுப் பியர் பூலெஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றார். இரண்டு பியானோக்களுக்காக அவர் எழுதிய 'ஸ்ட்ரக்சர்ஸ்' 1952இல் பாரிசில் முதற்பகுதி அரங்கேறியது. அதன் தொடக்கத்தில் சுரத்துக்கு மட்டுமன்றி, ஒவ்வோர் ஒலியும் நிற்கும் காலம், அதன் உரப்பு மென்மை, விரல் அழுத்தும் வகை ஆகிய யாவற்றுக்கும் வரிசை வைத்தார். வரிசையைக்கூடத் தாமாக ஆக்காமல் தம் ஆசிரியர் மெசியானின் பியானோ இசையொன்றிலிருந்து கடன் கொண்டார். தம் விருப்பு எதுவும் புகாமல் செய்து பார்ப்போம் என்னும் துணிவு அது. எனினும் 1958இல் லிகெட்டி என்னும் அங்கேரிய இசையறிஞர் அதனைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்து, தானே இயங்கும் இடங்கள் எவை, பூலெஸ் முடிவெடுத்த இடங்கள் எவை என்று காட்டினார். பொறி ஓடுகிறது என்று நாம் எண்ணிய இடத்திலும் ஒருவர் கை இருந்தது.

நாணயம் சுண்டியவர் அமெரிக்கராகிய ஜான் கேஜ். 1951இல் அவர் ஆக்கிய 'மாற்றங்களின் இசை' என்னும் பியானோ நூலைப் பற்றித்தான் நம் நண்பர்கள் பெரிதும் பேசுகின்றனர். அது செய்யப்பட்ட முறையை அவர்கள் நின்று நோக்கியதில்லை. சீனருடைய தொன்மையான நிமித்த நூலாகிய 'இ சிங்'கில் 64 உருக்கள் உள. மூன்று நாணயங்களை ஆறு முறை சுண்டினால் அவற்றுள் ஓர் உரு கிட்டும். கேஜ் 64 கட்டங்கள் கொண்ட பட்டியல்களை வரைந்தார். ஒலிகளுக்கு ஒருவகைப் பட்டியல், காலத்துக்கு ஒன்று, உரப்புக்கு ஒன்று. ஒலிப் பட்டியலின் 64 கட்டங்களில் 32 கட்டங்களில் ஒலி. எஞ்சிய 32இல் மௌனம். நாணயம் எந்தக் கட்டத்தைச் சுட்டியதோ அதனை எடுத்தெழுதினார். இப்படி ஒவ்வோர் ஒலிக்கும், மாதக்கணக்காக.

இங்கே இரண்டு செய்திகளை நம் நண்பர்கள் விட்டுவிடுகின்றனர். கட்டங்களை நிரப்பியது நாணயம் அன்று, கேஜ். பாதிக்குப் பாதி மௌனம் என்று தீர்மானித்ததும் அவரே. மற்றொன்று இதனினும் முதன்மையானது. சுண்டி முடித்தபின் ஒவ்வோர் ஒலியையும் துல்லியமாக எழுதிவைத்தார். அதனை வாசித்த டேவிட் டியூடர் எழுதியதை எழுதியபடியே வாசித்தார். வாசிப்பவர் விருப்பத்துக்கு ஒரு சுரமும் விடப்படவில்லை. தற்செயல் புகுந்தது ஆக்கும்போது, பாடும்போது அன்று. பாடும்போது புகவிட்டவர் வேறொருவர், செருமானியராகிய ஸ்டாக்ஹவுசன். 1956இல் அவர் எழுதிய பதினொன்றாம் பியானோ இசையில் ஒரே பெருந்தாளில் 19 துணுக்குகள் இருக்கும். வாசிப்பவர் கண்ணில் எது படுகிறதோ அதனை வாசிக்கலாம். ஏதேனும் ஒரு துணுக்கு மூன்றாம் முறை வந்தால் நிறுத்திவிட வேண்டும். அங்கும் 19 துணுக்குகளையும் இழைத்தவர் ஆசிரியரே. நிறுத்தும் விதியும் அவர் இட்டதே.

கேஜ் நம் நாட்டிலிருந்துதான் இதனைக் கற்றார் என்று ஒரு பெருமைப் பேச்சும் உலவுகிறது. 1946இல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க்கில் அவருக்கு நம் இசையைக் கற்பித்து, அவரிடம் மேலை இசை பயின்றார் என்பது மெய். மனத்தை அமைதிப்படுத்தித் தெய்வ அருளுக்கு அதனை உரியதாக்குவதே இசையின் பயன் என்று அவ்வம்மையார் எடுத்துரைத்ததைக் கேஜ் வாழ்நாள் முழுதும் போற்றினார் என்பதும் மெய். அவர் கொண்டது இசையின் பயனைப் பற்றிய கருத்து. நாணயம் சுண்டும் முறையோ சீன நூலின்வழி வந்தது. தானத்தைத் தப்பான பற்றில் எழுதுவது கணக்குக்கு ஆகாது.

இனி நம்முடையதற்கு வருவோம். நம் பாடகர் ஆலாபனை செய்கிறார், நிரவல் செய்கிறார், கற்பனைச் சுரம் பாடுகிறார். நேற்றுப் பாடியதுபோல் இன்று பாடுவதில்லை. இது தற்செயலா? நாணயம் சுண்டுபவன் தன் விருப்பத்தை விலக்கி நிற்கப் பார்க்கிறான். மனோதர்மம் பாடுபவனோ தன் விருப்பத்தையும் பயிற்சியையும் குரு காட்டிய வழியையும் ஒருங்கே திரட்டி நிற்கிறான். முன்னது விருப்பின் இன்மை. பின்னது விருப்பின் நிறைவு. இவ்விரண்டையும் ஒன்று என்பார், உண்ணாநோன்பு இருப்பவனையும் விருந்துண்பவனையும் ஒரே பந்தியில் அமர்த்துவார் போலும்.

கணக்கு என்னும் பேச்சும் அத்தகையதே. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்தில் வேங்கடமகி 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யில் 72 மேளங்களை வகுத்தார். ரிகரமும் காந்தாரமும் சேர்ந்து ஆறு வகை, தைவதமும் நிடாதமும் சேர்ந்து ஆறு வகை, மத்திமம் இரண்டு. ஆறு, ஆறு, இரண்டு பெருக்க 72. பன்னிரண்டு சுரத்தானங்களுக்குப் பதினாறு பெயர் வைத்துச் செய்த அரிய கணக்கு. ஆனால் அவர் காலத்தில் வழக்கில் இருந்த மேளங்கள் 19 என்று அவரே காட்டினார். எஞ்சியவை கணக்கில் இருந்தன, காதில் இல்லை. அவற்றைக் காதுக்குக் கொண்டுவந்தது கணக்கா? மகாவைத்தியநாத ஐயர் (1844–1893) எழுபத்திரண்டையும் ஒரே இராகமாலிகையாகக் கோத்தார். கவிகுஞ்சர பாரதியின் பெயரராகிய கோடீசுவர ஐயர் 'கந்த கானாமுதம்' என்னும் தொகுதியில் முருகன்மீது எழுபத்திரண்டு மேளங்களிலும் தமிழ்க் கீர்த்தனை செய்தார். எழுபத்திரண்டில் 40 விவாதி மேளங்கள். பாடினால் தீங்கு வரும் என்று பலர் அஞ்சி ஒதுக்கியவை. அவற்றுக்குப் பிடியும் கமகமும் கண்டு, பாடத்தக்க உருவம் கொடுத்தல் பெருக்கல் வாய்பாட்டின் வேலை அன்று. அதே 72 மேளங்கள் எல்லார்க்கும் கிடைத்தன. கந்த கானாமுதம் ஒருவர்க்கே வாய்த்தது.

இந்நகரத்திலேயே ஒரு சான்று கண்முன் நிற்கிறது. ராம்கோட்டியில் தியாகராசர் பெயரால் ஓர் அரசு இசைக் கல்லூரி; செகந்தராபாத்தில் பக்த இராமதாசர் பெயரால் மற்றொன்று. நம் பிள்ளைகள் பலர் இரண்டிலும் பயின்றவர். இரு பெயர்களும் பாடல் ஆசிரியர் பெயர்களே. ஆனால் இருவரும் நமக்குக் கிடைத்த வகை வேறு. திருவையாற்றுத் தியாகராசர் (1767–1847) பாடல்கள் வாலாசாப்பேட்டை, உமையாள்புரம், தில்லைத்தானம் என்னும் மாணாக்கர் வழிகளில் மெட்டோடு வந்தன. சங்கதிகளுள் சில மாணாக்கர் சேர்த்தவை. அதனை எவரும் மறைப்பதில்லை. கோல்கொண்டாச் சிறையில் கிடந்து பாடிய இராமதாசரின் சொற்கள் வந்தன. அவர் தம் வாயால் பாடிய மெட்டு இன்னதென்று இன்று எவர் அறுதியிடுவார்? நாம் இன்று கேட்கும் பல மெட்டுகள் பிற்காலத்தார் அமைத்தவை. அவற்றைப் பரப்பியதில் பாலமுரளிகிருஷ்ணாவின் பங்கு பெரிது. தாளப்பாக்கம் அன்னமையரின் பாடல்கள் திருமலையில் செப்பேடுகளாகக் கிடைத்தபோது இராகப் பெயர் இருந்தது, இசை இல்லை. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி முதலானோர் இருபதாம் நூற்றாண்டில் அமைத்த இசையைத்தான் நாம் ஐந்நூறு ஆண்டுப் பழமை என்று கண்மூடிக் கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை. அமைத்தவர் பெயரைச் சொல்லாமல் கேட்பதில்தான் தவறு.

தமிழ்ப் பாடல்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. சீர்காழி முத்துத்தாண்டவர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகிய தமிழ் மூவரின் பாடல்கள் இன்று எந்த மெட்டில் பாடப்படுகின்றன? கவிராயரின் இராம நாடகத்துக்கு இசை அமைத்தவர்கள் அவருடைய மாணாக்கராகிய வேங்கடராம ஐயரும் கோதண்டராம ஐயரும் என்று அவர் வரலாறு கூறுகிறது. இவ்விருவர் பெயரை எந்தக் கச்சேரி மேடையிலாவது நாம் கேட்டதுண்டா? அவர்கள் அமைத்தது ஒருபுறம் இருக்க, பிற்காலத்தில் அரியக்குடி இராமானுச ஐயங்கார் போன்றோர் புதிதாக அமைத்துப் பரப்பிய மெட்டுகளுக்காவது அவர்களுக்குரிய பெயர் சொல்லப்படுகிறதா? 'அருணாசலக் கவிராயர் பாடல்' என்பதோடு அறிவிப்பு முடிகிறது. ஒரே பாட்டு ஒருவரிடம் ஓர் இராகத்திலும் இன்னொருவரிடம் வேறோர் இராகத்திலும் வருகிறது. இதுவன்றோ உண்மையான பகடையாட்டம்! நாணயம் சுண்டிய கேஜ் விழுந்ததை ஒரு புள்ளியும் தவறாமல் எழுதிவைத்தார். ஆசிரியரைத் தெய்வமென்று கும்பிடும் நாம், அவர் இசையை வீதியில் எறிந்துவிட்டோம்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்று. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாரதியார் பாடிய கண்ணம்மா பாட்டை அறியாத தமிழ் வீடு இந்நகரில் இல்லை. அதற்குப் பாரதியாரே பைரவி இராகமும் ரூபக தாளமும் குறித்தார். சுரக்குறிப்பும் உடன் உண்டு. நாம் பாடுவது பைரவியா? அன்று. காபியில் தொடங்கி இராகமாலிகையாகச் செல்லும் அந்த மெட்டு, 1951இல் வெளிவந்த 'மணமகள்' திரைப்படத்துக்காகச் சி. ஆர். சுப்புராமன் அமைத்தது. எம். எல். வசந்தகுமாரி அதனைத் திரையிலும் மேடையிலும் பாடி நிலைநிறுத்தினார். சுப்புராமன் மறு ஆண்டே, 1952இல், முப்பது நிரம்பாமல் மறைந்தார். இன்று விழாதோறும் குழந்தை ஒன்று மேடையேறி அதனைப் பாடுகிறது. 'இயற்றியவர் மகாகவி பாரதியார்' என்று ஒலிபெருக்கி முழங்குகிறது. கூட்டம் உருகுகிறது. உருக்கியதில் பாதி சுப்புராமனுடையது. அவர் பெயரோ எங்கும் இல்லை. பாரதியார்க்கும் இதனால் நன்மை இல்லை. அவர் பைரவியில் எண்ணிய பாட்டு ஒன்று உண்டு என்பதே மறந்துபோயிற்று.

நாம் மைய அரசு அலுவலகத்தில் வரைவு எழுதிப் பிழைப்பவர்கள். நாம் எழுதுவது ஒருவர், கையொப்பம் இடுவது வேறொருவர் என்பது நமக்குப் பழகிய செய்தி. ஆயினும் கோப்பைப் புரட்டினால் ஓரத்தில் எழுதியவன் சுருக்கொப்பமும் நாளும் இருக்கும். யார் எழுதியது, யார் திருத்தியது, யார் ஒப்பியது என்று முப்பது ஆண்டுக்குப் பின்னும் கண்டுகொள்ளலாம். அரசாங்கத் தாளுக்கு உள்ள இந்த மதிப்பு நம் பாட்டுக்கு இல்லை.

1980களில் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் கிளப்பிய இரண்டு பூசல்களை முதியோர் நினைவு கூர்வர். மூன்று நான்கு சுரங்களே கொண்ட இராகங்களைப் பாலமுரளிகிருஷ்ணா தாம் 'படைத்ததாக' எப்படிக் கூறலாம் என்று கேட்டார். சுவாதித் திருநாள் பெயரால் வழங்கும் பாடல்களின் இசை யாருடையது என்றும் கேட்டு, அம்மன்னர் பாடலாசிரியரே அல்லர் என்னும் அளவுக்கு வாதத்தை நீட்டினார். நீட்டியது மிகை என்பதே நம் முடிபு. ஆனால் வினா வெறும் வினா அன்று. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் அப்பாடல்கள் பலவற்றுக்கு இசை அமைத்தனர் என்பது மறைபொருள் அன்றே? அவர்கள் பெயரையும் தொடக்கத்திலிருந்தே உடன் சொல்லி வந்திருந்தால் பூசலுக்கு இடம் ஏது?

எழுதிவைத்தால் இசையின் உயிர் போய்விடும் என்பார்க்கும் ஒரு சொல். 1904இல் எட்டையபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' அச்சேறியது. தமிழ் மண்ணில், தெலுங்கு எழுத்தில். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் கமகக் குறியீடுகளோடு அதில் உள. அதனால் அவை செத்துவிட்டனவா? இன்றும் பாடுகிறோம், அந்நூலைப் புரட்டி இப்படியா அப்படியா என்று வாதும் செய்கிறோம். வாதுக்கு ஒரு ஏடு இருக்கிறது. அந்நூல் வெளிவரத் தூண்டியவர்களுள் ஒருவர், சென்னை அரசுச் செயலகத்தில் அலுவல் பார்த்த ஏ. எம். சின்னசாமி முதலியார். நம் பாடல்களை மேலைநாட்டுக் குறியீட்டில் அச்சிடத் தம் பொருளைச் செலவிட்டவர் அவர். அலுவலக மேசையில் அமர்ந்திருப்போர்க்கும் இதில் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஒரு முன்னோடி!

இவையெல்லாம் மேலைநாட்டு வழக்கம், தமிழர்க்குப் புதிது என்று எவரேனும் சொல்லக்கூடும். சொல்வாரைப் பரிபாடலுக்கு அழைக்கின்றோம். எழுபது பாடல்களுள் இருபத்திரண்டே முழுமையாகக் கிடைத்தன, உ. வே. சாமிநாதையர் 1918இல் பதிப்பித்தார். அப்பாடல்களின் அடியில் உள்ள குறிப்பைக் காண்க. பாடிய புலவர் பெயர் ஒன்று. இசை வகுத்தவர் பெயர் ஒன்று. பண்ணின் பெயர் ஒன்று. கடுவன் இளவெயினனார் பாடிய மூன்றாம் பாடலுக்கு இசை வகுத்தவர் பெட்டனாகனார், பண் பாலையாழ். அவரே பாடிய ஐந்தாம் பாடலுக்கு இசை வகுத்தவர் கண்ணனாகனார். கேசவனார் தம் பாட்டுக்குத் தாமே இசை வகுத்தார். அதனையும் விடாமல் குறித்தனர். அவ்விசை இன்று நமக்கு இல்லை. ஆயினும் பாட்டுக்கு ஆசிரியன் வேறு, இசைக்கு ஆசிரியன் வேறு, இருவரும் பெயர் பெறத் தக்கவர் என்னும் தெளிவு ஏடெழுதிய கைக்கு இருந்தது. ஒலிபெருக்கி பிடித்த கைக்கு இல்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டு வாதம் அன்று. ஊரில் உள்ள பிள்ளைக்குக் கோயில், திருமணம், வானொலி என்று நாற்புறமும் பாட்டு காதில் விழும். ஓர் அறிவிப்பில் விட்டுப்போனதை வேறோர் இடத்தில் கேட்டுக்கொள்ளும். நம் பிள்ளைகளுள் பலர் தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதிவைத்துக்கொண்டு பாடுகின்றனர். அவர்கள் கையில் நாம் கொடுக்கும் தாளில் என்ன இருக்கிறதோ அதுவே அவர்கட்குத் தமிழிசை வரலாறு.

ஆகவே நம் சங்க விழாக்களின் நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே மூன்று பத்திகள் வேண்டும் என்கின்றோம்: பாட்டு, இசை, பண். தாளில் இடம் போதாது என்பர். நன்கொடையாளர் பெயர்ப்பட்டியலுக்கு இரண்டு பக்கம் கிடைக்கும்போது இதற்கு இரண்டு வரி கிடைக்காதா? தேடிப் பார்த்தும் இசை அமைத்தவர் பெயர் கிட்டாத பாடல்கள் பல இருக்கும். அங்கே 'இசை வகுத்தவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதுக. வெற்றிடமாக விட வேண்டா. இயற்றியவர் பெயரைக் கொண்டு நிரப்பவும் வேண்டா. கண்ணம்மா பாட்டுக்கு எதிரே 'பாட்டு: பாரதியார். இசை: சி. ஆர். சுப்புராமன். இராகமாலிகை' என்று வரட்டும். அதற்கு அடுத்த ஆண்டு, பைரவியில் அதனைப் பாடிக்காட்ட ஒரு பிள்ளைக்கு எவரேனும் கற்றுக்கொடுக்கட்டும்.